குழந்தையைக் காணோம்: ஓர் அறிவிப்பின் வரலாறு

‘குழந்தையைக் காணோம்’ என்னும் சொல் எழுந்த அளவிலே ஒரு வீட்டின் துயரம் ஊரின் துயரமாகிவிடுகிறது. அடுப்பில் உலை கொதிக்க விட்டுவிட்டு அண்டை வீட்டார் ஓடிவருவர்; கடைக்காரர் கடையை விட்டிறங்குவர்; முன்பின் அறியாதாரும் தெருமுனை வரை சென்று பார்ப்பர். இவ்விரக்க உணர்வு எந்நாட்டார்க்கும் எக்காலத்தார்க்கும் பொதுவானது. ஆயினும், இரக்கம் வேறு, தேடும் முறை வேறு. அவ்விரக்கத்தை ஒழுங்குபடுத்தி, உரிய நேரத்தில் உரிய இடத்தில் பயன்படச் செய்வது எங்ஙனம் என்பது மக்கட் சமுதாயம் நெடுங்காலமாக விடை தேடிவரும் வினாவாகும். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மணிமேகலையைப் பயிற்றும் ஆசிரியர்கள் ஒரு செய்தியை நன்கறிவர். சோழ மன்னன், நாக நாட்டு இளவரசி பீலிவளை பெற்ற தன் மகன் வந்த கப்பல் கவிழ்ந்தது கேட்டு, மைந்தனைத் தேடி அலைந்தான். அத்துயரில் இந்திர விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது. படையும் பொருளும் ஆணையும் உடைய வேந்தனுக்கும், எங்கே தேடுவது, எவரைக் கேட்பது என்னும் செய்தி கிடைக்காதபோது, தேடுதல் வெறும் அலைச்சலாகவே முடிந்தது. தேடுதற்கு ஆற்றல் மட்டும் போதாது, அறிவிப்பு வேண்டும். அவ்வறிவிப்பும் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

கூக்குரல் சட்டம்

இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு மன்னன் 1285ஆம் ஆண்டில் வின்செஸ்டர் சட்டம் எனப்படும் சட்டத்தைப் பிறப்பித்தான். அதற்கு முன்பே வழக்கிலிருந்த ஒரு கடமையை அச்சட்டம் வலியுறுத்தியது. குற்றம் ஒன்றைக் கண்டவர் உரக்கக் கூவுதல் வேண்டும். அக்குரல் கேட்டோர் தம் வேலையை விட்டுக் குற்றவாளியைத் தொடர்தல் வேண்டும். ஓர் ஊரின் எல்லை வரை துரத்திச் சென்றோர் அடுத்த ஊரார்க்கு அக்குரலைக் கையளித்தல் வேண்டும். குற்றம் செய்தவன் பிடிபடாவிடின் அப்பகுதி மக்கள் அனைவரும் பொறுப்பாளிகள் ஆவர்.

இப்பழைய முறையில் இரண்டு நுட்பங்கள் அமைந்திருந்தன. ஒன்று, குரல் ஊர்விட்டு ஊர் சென்றது. எல்லைக்கோடு அதனைத் தடுக்கவில்லை. மற்றொன்று, காரணமின்றிக் கூக்குரல் எழுப்பியவனுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஊரார் செவி பொதுச்சொத்து. அதனை வீணாக்குவதும் குற்றமே என்று அக்கால மக்கள் உணர்ந்திருந்தனர். இவ்விரண்டு நுட்பங்களையும் பிற்காலத்தார் மறந்ததும், இழப்புகளுக்குப்பின் மீண்டும் கற்றுக்கொண்டதுமே இவ்வரலாற்றின் பெரும்பகுதி எனலாம்.

அச்சும் வானொலியும்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் செர்மன்டவுன் பகுதியில் 1874ஆம் ஆண்டு சூலை முதல் நாள், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் அவன் தமையனும், இனிப்புத் தந்து பழகிய இருவரால் குதிரை வண்டியில் அழைத்துச் செல்லப்பட்டனர். தமையன் வழியில் விடப்பட்டான். இளையவனாகிய சார்லி ராஸ் வீடு திரும்பவே இல்லை. பிணைப்பணம் கேட்டுக் குழந்தையைக் கவர்ந்து, அமெரிக்க நாடு முழுவதையும் கலக்கிய முதல் நிகழ்ச்சியாக இதனைக் குறிப்பர். அச்சுப்பொறி தன் முழு வலிமையையும் காட்டியது. சிறுவனின் உருவமும் அடையாளமும் தாங்கிய துண்டறிக்கைகள் நாடெங்கும் பரவின. செய்தித்தாள்கள் இடைவிடாது எழுதின. சிறுவனைக் கண்டதாக எண்ணற்ற செய்திகள் வந்தன. அவற்றுள் ஒன்றும் மெய்யாகவில்லை. பெற்றோர் தம் வாழ்நாள் முழுதும் தேடினர்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1932ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் இரவு, அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தை, நியூ செர்சி மாநிலத்து வீட்டின் மாடி அறையிலிருந்து கவரப்பட்டது. இம்முறை வானொலியும் துணை நின்றது. செய்தி ஒரே இரவில் நாடு முழுவதும் எட்டியது. ஆனால் நிகழ்ந்தது யாது? செய்தியாளரும் வேடிக்கை பார்ப்போரும் வீட்டைச் சூழ்ந்தனர். பொய்த் தகவல் கூறிப் பணம் பறித்தோரும் தோன்றினர். காவலர் காலமெல்லாம் அவற்றை ஆராய்வதிலேயே கழிந்தது. மே மாதம் 12ஆம் நாள், வீட்டிலிருந்து சில கல் தொலைவிலேயே குழந்தையின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவ்வாண்டே குழந்தைக் கவர்வை நடுவணரசின் சட்டத்திற்கு உட்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. செய்தி எட்டிய தொலைவு வளர்ந்தது. ஆனால், கேட்டவர் என்ன செய்தல் வேண்டும் என்பது தெளிவாகவில்லை. ‘ஒரு சிறுவனைக் காணோம்’ என்று கோடிப்பேர் அறிந்தும் பயனில்லை. ‘இவ்வண்டியை இச்சாலையில் பாருங்கள்’ என்று நூறு பேர் அறிந்தால் பயனுண்டு. இவ்வேறுபாட்டை உலகம் உணர மேலும் அறுபதாண்டுகள் கழிந்தன.

பால் பெட்டியில் குழந்தை முகங்கள்

1979ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் நியூயார்க் நகரில், பள்ளிப் பேருந்து நிற்குமிடத்திற்குத் தனியே நடந்து சென்ற ஆறு வயதுச் சிறுவன் மறைந்தான். 1981இல் புளோரிடா மாநிலத்தில் ஒரு கடையில் மற்றொரு சிறுவன் காணாமற்போய்ப் பின் கொலையுண்டு கிடந்தான். திருட்டுப்போன மோட்டார் வண்டியின் குறிப்பை நாடெங்கும் உள்ள காவல் நிலையங்கள் உடனே அறிய வழியிருந்தது; காணாமற்போன குழந்தையின் குறிப்புக்கு அத்தகைய வழி செம்மையாக இல்லை என்று பெற்றோர் கொதித்தெழுந்தனர். அதன் பயனாக 1982இல் காணாமற்போன குழந்தைகள் சட்டமும், 1984இல் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய நடுவமும் தோன்றின. முதற்கூறிய சிறுவன் மறைந்த மே 25ஆம் நாளை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் 1983இல் காணாமற்போன குழந்தைகள் நாளாக அறிவித்தார்.

இக்காலத்திலேதான் பால் பெட்டி முறை பிறந்தது. அயோவா மாநிலத்தின் டிமாயின் நகரில், செய்தித்தாள் போடச் சென்ற சிறுவர் இருவர் 1982இலும் 1984இலும் அடுத்தடுத்துக் காணாமற்போயினர். அவ்வூர்ப் பால் நிறுவனம் ஒன்று 1984 செப்டம்பரில் அவர்தம் படங்களைத் தன் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டது. அடுத்த ஆண்டில் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. காலை உணவு மேசையில் அமர்ந்த ஒவ்வொரு குழந்தையும், காணாமற்போன மற்றொரு குழந்தையின் முகத்தைப் பார்த்தவாறே பால் அருந்திற்று.

நோக்கம் உயர்ந்தது, பயனோ மிகக் குறைவு. அப்படங்களுட் பல, காணாமற்போய் ஈராண்டு மூவாண்டு கழிந்த குழந்தைகளுடையவை. வளரும் குழந்தையின் முகம் ஓராண்டில் மாறிவிடும். அன்றியும், நாள்தோறும் புதுப்புது முகங்களைக் காணும் கண் எந்த முகத்தையும் நினைவில் நிறுத்துவதில்லை. குழந்தை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஸ்பாக், இப்படங்கள் சிறுவர் உள்ளத்தில் அச்சத்தை விதைக்கும் என்று எச்சரித்தார். 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் இவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது.

அக்காலத்தில் ஆண்டுதோறும் 50,000 குழந்தைகள் அயலாரால் கவரப்படுகின்றனர் என்று ஓர் எண்ணிக்கை எங்கும் பேசப்பட்டது. டென்வர் போஸ்ட் என்னும் நாளிதழ் இதனைத் துருவி ஆராய்ந்தது. காணாமற்போனோரிற் பெரும்பாலோர் வீட்டைவிட்டு ஓடியவர்கள், அல்லது பிரிந்த பெற்றோரிடையே எழுந்த வழக்கில் ஒருவரால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் என்று காட்டியது. அவ்வாராய்ச்சிக்கு 1986இல் பொதுப்பணிக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பின்னர் அமெரிக்க நீதித்துறையின் ஆதரவில் 1999ஆம் ஆண்டைக் குறித்து நிகழ்ந்த மதிப்பீடு, அயலாரோ சிறிதே பழகியவரோ கொடிய நோக்கத்தோடு கவர்ந்து சென்ற நிகழ்ச்சிகள் அவ்வாண்டில் ஏறத்தாழ 115 என்று கணக்கிட்டது. இது சிறிய எண் என்று அமைதியடைதற்கில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு. ஆயினும், நோயின் அளவை அறியாமல் மருந்தின் அளவை வகுக்க இயலாது என்பதை மறுப்பாரில்லை.

ஆம்பர் திட்டம்

1996ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில், மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆம்பர் என்னும் ஒன்பது வயதுச் சிறுமியைக் கறுப்பு வண்டியில் வந்த ஒருவன் தூக்கிச் சென்றான். தன் வீட்டிலிருந்து அதனைக் கண்ட முதியவர் ஒருவர் காவலர்க்கு உடனே தெரிவித்தார். நான்கு நாட்களுக்குப்பின் சிறுமியின் உடல் கிடைத்தது. அக்கொலையாளி இன்றளவும் அகப்படவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட அவ்வட்டாரப் பெண்மணி ஒருவர் வானொலி நிலையத்திற்குத் தொலைபேசியில் ஒரு கேள்வி விடுத்தார்: புயல் வருகிறது என்றால் நிகழ்ச்சியை நிறுத்தி அறிவிக்கிறீர்களே, ஒரு குழந்தை கவரப்பட்டால் ஏன் அவ்வாறு அறிவிக்கலாகாது? எளிய கேள்வி; ஆயினும் அதனுள் பெரிய மாற்றம் அடங்கியிருந்தது. பால் பெட்டி, என்றோ காணாமற்போன குழந்தையை நினைவூட்டியது. புயல் அறிவிப்போ இப்பொழுது, இவ்விடத்தில், இன்னது செய் என்று கூறுவது. டல்லஸ் வட்டார வானொலி நிலையத்தாரும் காவல்துறையினரும் கூடி 1996 சூலையில் இத்திட்டத்தைத் தொடங்கினர். அதற்கு அச்சிறுமியின் பெயரே சூட்டப்பட்டது.

1998இல் ஆர்லிங்டன் நகரிலேயே இத்திட்டத்தின் முதல் வெற்றி கிட்டியது. பார்த்துக்கொள்ள வந்தவளால் கொண்டுசெல்லப்பட்ட எட்டு வாரக் கைக்குழந்தை, அறிவிப்பு ஒலிபரப்பான சிறிது நேரத்தில், வண்டியை அடையாளங்கண்ட ஒருவரால் மீட்கப்பட்டது. 2002இல் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை மின்பலகைகளிலும் வண்டி எண் காட்டப்பட்டது. 2003 ஏப்ரலில் நாடு தழுவிய ஒருங்கிணைப்புக்குச் சட்டம் வந்தது. 2005க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இத்திட்டம் நிலைபெற்றது. இதுவரை ஆயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் இதன் துணையால் மீட்கப்பட்டதாகத் தேசிய நடுவத்தின் கணக்குக் கூறுகிறது.

அறிவிப்பு விடுதற்கு அமெரிக்க நீதித்துறை ஐந்து நெறிகளைப் பரிந்துரைத்தது. குழந்தை கவரப்பட்டதாகக் காவல்துறை நம்பத்தகுந்த காரணம் இருத்தல். உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் நிலை இருத்தல். பொதுமக்கள் அடையாளங்காணப் போதிய விவரம் இருத்தல். வயது பதினேழோ அதற்குக் குறைவோ ஆதல். விவரம் நாட்டுக் குற்றப்பதிவுக் கணிப்பொறியில் ஏற்றப்படுதல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதே ஆணிவேர். அடையாளம் இல்லாத அறிவிப்பு, முகவரி இல்லாத மடல் போன்றது.

முதல் மூன்று மணி நேரம்

இவ்வளவு விரைவு ஏன் வேண்டும்? வாசிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. கவரப்பட்டுக் கொலையுண்ட குழந்தைகளின் வழக்குகளை அது ஆராய்ந்தது. அவர்களுள் 74 விழுக்காட்டினர் கவரப்பட்ட மூன்று மணி நேரத்திற்குள்ளேயே உயிரிழந்தனர் என்று கண்டது. குழந்தையைக் காணவில்லை என்று வீட்டார் உணர்வதற்கும் காவல் நிலையத்திற்குச் சொல்வதற்கும் இடையே பல வேளைகளில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிந்துவிடுகிறது என்பதும் அவ்வாராய்ச்சியின் வழி வெளிப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குக. மூன்று மணி நேரத்தில் இரண்டு, வீட்டு வாசலிலேயே செலவாகிவிட்டால் எஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றிலே காவலர் விசாரித்து, நெறிகளைச் சரிபார்த்து, அறிவிப்பு எழுதி வெளியிடுதல் வேண்டும். எனவே, அறிவிப்பு முறையின் முதற்கண்ணி வானொலி நிலையமன்று. காவல் நிலையமும் அன்று. குழந்தையைக் காணோம் என்று முதலில் உணர்பவரே. இருபத்து நான்கு மணி நேரம் பொறுத்தே முறையிட வேண்டும் என்பது பல நாடுகளில் மக்களிடையே வழங்கும் தவறான எண்ணம். அத்தகைய காத்திருப்பை அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கியது.

நிருவாக எல்லைகளும் நேரத்தை விழுங்கும். 2016ஆம் ஆண்டு மே மாதம், நவகோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் நிலப்பகுதியில் பதினொரு வயதுச் சிறுமி கவரப்பட்டாள். அவள் காணாமற்போனது மாலையிலேயே தெரிவிக்கப்பட்டும், எந்த அதிகாரத்தினர் அறிவிப்பு விடுவது என்னும் குழப்பத்தால் அது மறுநாள் விடியுமுன் வேளையில்தான் வெளிவந்தது. சிறுமி உயிரோடு கிடைக்கவில்லை. பழங்குடியினர் பகுதிகளையும் அறிவிப்பு முறையோடு இணைக்கும் சட்டம் 2018இல் அவள் பெயரால் நிறைவேறியது. ஊர் எல்லையில் கூக்குரல் நிற்கலாகாது என்று 1285ஆம் ஆண்டுச் சட்டம் கூறியதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

நள்ளிரவில் ஒலித்த கைத்தொலைபேசி

அமெரிக்காவில் கைத்தொலைபேசிகளுக்கு நேரே அவசர அறிவிப்பு அனுப்பும் முறை 2012இல் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் மினியாபொலிஸ் நகரில் காணாமற்போன கைக்குழந்தை, அறிவிப்பைக் கண்ட ஓர் இளைஞர் அவ்வண்டியைக் கண்டு தெரிவித்தமையால் மீட்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் நியூயார்க் நகரில் விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன்பாகக் கைத்தொலைபேசிகள் ஒருசேர அலறின. உறங்கியவர் திடுக்கிட்டெழுந்தனர். பலர் சினந்து, இனி இவ்வறிவிப்பே வேண்டா என்று அவ்வசதியை நிறுத்திவிட்டனர். ஆகஸ்டில் கலிபோர்னியா முழுவதும் இரவில் ஒலித்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

கனடாவில் இத்தகைய அறிவிப்பை நிறுத்திவைக்க இயலாது. 2019 பிப்ரவரியில் ஒண்டாரியோ மாநிலத்தில் பதினொரு வயதுச் சிறுமிக்காக இரவு நெடுநேரம் கழித்து அறிவிப்பு ஒலித்தது. உறக்கம் கெட்டதென்று பலர் அவசரத் தொலைபேசி எண்ணிற்கே அழைத்து முறையிட்டனர். அதே அறிவிப்பைக் கண்ட வேறொருவர் தேடப்பட்ட வண்டியை அடையாளங்கண்டு கூறியதால், கொண்டுசென்ற தந்தை அன்றிரவே பிடிபட்டார். சிறுமியோ அதற்கு முன்பே உயிரிழந்திருந்தாள்.

உறக்கத்தைப் பெரிதெனக் கருதியோரைக் கண்டிப்பது எளிது. ஆனால் கண்டிப்பதால் மூடிய செவி திறவாது. மக்கள் செவி மூடுவதேன் என்று ஆராய்வதே அறிவுடைமை. தொடக்கத்தில் அமெரிக்கக் கைத்தொலைபேசி அறிவிப்பு 90 எழுத்துகளுக்கு மேற்செல்ல இடமில்லை, படமும் இல்லை. வண்டியின் நிறமும் எண்ணும் மட்டும் கண்ட ஒருவர், தம் படுக்கையில் இருந்துகொண்டு யாது செய்ய இயலும்? 2019இல் இவ்வெல்லை 360 எழுத்துகளாக விரிந்தது. குறித்த பகுதிக்குள்ளேயே, பத்தில் ஒரு மைல் அளவுக்குமேல் வெளியே சிந்தாமல், அறிவிப்பைச் சேர்க்க வேண்டும் என்னும் விதியும் வந்தது. ஒலியைப் பெருக்குவதைக் காட்டிலும் இலக்கைக் குறுக்குவதே பயன்தரும் என்பதை அரசினர் உணர்ந்ததற்கு இஃது அடையாளம்.

ஆராய்ச்சியாளர் கூறுவன

நெவாடா பல்கலைக்கழகத்துக் குற்றவியல் அறிஞர் திமத்தி கிரிபினும் அவர்தம் குழுவினரும் நூற்றுக்கணக்கான ஆம்பர் அறிவிப்புகளை ஆராய்ந்தனர். வெற்றி என்று எண்ணப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, குழந்தையைப் பெற்றோருள் ஒருவரோ உறவினரோ கொண்டுசென்றவை என்றும், அக்குழந்தைகளுக்கு உயிரிடர் இருந்ததாகத் தோன்றவில்லை என்றும், மிகக் கொடிய நிகழ்ச்சிகளில் அறிவிப்பு காலத்தே எட்டுவது அரிது என்றும் அவர் முடிபு கண்டார். 2008இல் வெளிவந்த கட்டுரையில் அவரும் மோனிகா மில்லரும் இதனைக் குற்றத்தடுப்பின் நாடக மேடை என்றே குறிப்பிட்டனர்.

இம்முடிபு கடுமையானது. இதனை ஏற்போர் அறிவிப்பே வேண்டா என்று கூறுவரெனின் அது பொருந்தாது. தந்தையோ தாயோ கொண்டுசென்றதனால் மட்டும் குழந்தைக்குத் தீங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒண்டாரியோ நிகழ்ச்சியே சான்று. ஆயினும், அறிவிப்பு ஒன்றுண்டு என்னும் நம்பிக்கையில் ஏனைய கடமைகளை நெகிழவிடலாகாது என்னும் அளவில் அவ்வறிஞர் கூற்று போற்றத்தக்கது.

ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் சேம்ஸ் லாம்பினன் மற்றொரு கோணத்தில் ஆராய்ந்தார். கடைவாயிலில் ஒட்டப்பட்ட காணாமற்போன குழந்தைகளின் படங்களைப் பற்றி, வெளியே வந்தோரிடம் வினவினார். இது மிக இன்றியமையாத பணி என்று பலர் கூறினர். ஆனால் படங்களை நின்று நோக்கியோர் மிகச் சிலர். அவற்றில் கண்ட முகங்களைப் பின்னர் அடையாளங்கூறவும் அவர்களால் இயலவில்லை. முகத்தை நினைவில் நிறுத்தி எதிர்ப்படுவோரோடு ஒப்பிடுதல் மனித மனத்திற்கு அரிய செயல். வண்டியின் நிறம், வகை, எண் ஆகியவற்றைப் பார்த்தல் அதனினும் எளிது. மேற்கூறிய வெற்றிகளில் கண்டுபிடித்தவர் முதலில் கண்டது பெரும்பாலும் வண்டியையே என்பதை ஓர்ந்துணர்க.

பிரான்சு நாடும் நம் நாடும்

பிரான்சு நாடு 2006இல் தொடங்கிய அறிவிப்பு முறை, குறைவாக ஒலிப்பதையே தன் வலிமையாகக் கொண்டது. கவர்வு உறுதிப்பட்டிருத்தல், வயது பதினெட்டுக்குக் குறைதல், உயிருக்கோ உடலுக்கோ இடர் இருத்தல், கண்டுபிடிக்க உதவும் விவரம் இருத்தல் என்னும் நான்கும் கூடினாலன்றி அரசு வழக்கறிஞர் இசைவு தருவதில்லை. இசைந்தால் நாடு முழுவதும் மூன்று மணி நேரம் கால்மணிக்கொரு முறை அறிவிப்பு ஒலிக்கும். அரிதாக ஒலிப்பதனால் அந்நாட்டு மக்கள் அதனைக் கேட்டவுடன் செவிசாய்க்கின்றனர். விடப்பட்ட அறிவிப்புகளில் மிகப் பல வெற்றி கண்டுள்ளன.

மலேசிய நாட்டின் முறையும் ஒரு சிறுமியின் பெயரை நினைவூட்டுவதே. 2007 ஆகஸ்ட் 20ஆம் நாள், வங்சா மாஜுவில் தன் வீட்டருகே இருந்த இரவுச் சந்தைக்குச் சென்ற எட்டு வயது நூரின் காணாமற்போனாள். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப்பின் பெட்டாலிங் ஜெயாவில் அவள் உடல் கிடைத்தது. நாடே கண்ணீர் வடித்தது. 2011 சனவரியில் ‘நூர்’ எச்சரிக்கை முறை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென அது வகுக்கப்பட்டது. அதாவது, நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் குழந்தைகளின் வயதே அவ்வெல்லை. இடைநிலைப் பள்ளியில் அடியெடுத்துவைக்கும் குழந்தையின் இடர் குறைந்துவிடுவதில்லை என்பதும் எண்ணற்பாலது.

பொய்க் கூக்குரல்

அறிவிப்பை உரியவர் விடாமல் எவரும் விடத் தொடங்கினால் நேர்வது யாது? 2018இல் இந்தியாவின் பல பகுதிகளில், பிள்ளை பிடிப்போர் சுற்றுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்தில், மலேசியாவிலிருந்து வந்த உறவினரோடு குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற மூதாட்டி ஒருவர், வழியிலே குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்தே கொன்றது. உடன் சென்றோரும் கடுங்காயமுற்றனர். அன்பினால் நீட்டிய கை, பொய்க் கூக்குரலால் குற்றக் கையாகத் தோன்றிவிட்டது. அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்குமேல் அனுப்பவியலாதவாறு கட்டுப்படுத்தியது. வீண் கூக்குரலுக்குத் தண்டம் விதித்த பழஞ்சட்டத்தின் அறிவு இங்கே விளங்குகிறது.

பயன் மிகுதற்குரிய நெறிகள்

மேற்கூறிய வரலாற்றினின்று நாம் தேறும் நெறிகள் ஐந்து.

முதலாவது, விரைவு. காணோம் என்று உணர்ந்தவர் வீட்டையும் அண்டையையும் பார்த்தவுடன் காவலர்க்குத் தெரிவித்தல் வேண்டும். ‘அநாவசியமாகத் தொல்லை கொடுத்தோமே’ என்று பின்னர் நாணுவது ‘காலந் தாழ்த்தினோமே’ என்று நெஞ்சு வேகுவதினும் மேலானது.

இரண்டாவது, அளவு. உயிரிடர் உள்ள கவர்வுக்கே பேரொலி எழுப்புதல் வேண்டும். வீட்டைவிட்டு ஓடியோருக்கும் பெற்றோர் வழக்கில் சிக்கியோருக்கும் வேறு தேடுமுறைகள் வேண்டும். அவர்களும் நம் குழந்தைகளே. ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து ஆகாது.

மூன்றாவது, தெளிவு. எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது, கண்டால் எவரிடம் கூறுவது என்னும் மூன்றும் முதல் வரியிலேயே அமைதல் வேண்டும். கண்டவர் தாமே எதிர்த்துச் செல்லாமல் காவலரை அழைத்தல் நன்று.

நான்காவது, இடம். குறித்த வட்டாரத்திற்குள் அறிவிப்பு செறிந்து நிற்றல் வேண்டும். வண்டி செல்லக்கூடிய தொலைவு விரிய, வட்டமும் விரிதல் வேண்டும். மாநில எல்லையும் துறை எல்லையும் அதனைத் தடுக்கலாகாது.

ஐந்தாவது, நிறைவு. குழந்தை கிடைத்தவுடன் அச்செய்தியையும் அதே வாயிலாக அறிவித்தல் வேண்டும். பழைய படங்கள் ஆண்டுக்கணக்கில் கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருப்பதால் புதிய படம் மதிப்பிழக்கிறது. கிடைத்த குழந்தையின் முகத்தைத் தொடர்ந்து பரப்புவது அக்குழந்தைக்கும் தீங்கே.

ஆசிரியர் பங்கு

ஆசிரியப் பெருமக்கள் இம்முறையின் புறத்தே நிற்பவர் அல்லர். பள்ளி நாட்களில், குழந்தை வரவில்லை என்பதை வீட்டார்க்கும் முன்னே அறியக்கூடியவர் வகுப்பாசிரியரே. நியூயார்க்கில் 1979இல் மறைந்த சிறுவன் பள்ளிக்கு வரவில்லை என்பது, பள்ளி விட்டு அவன் வீடு திரும்பாதபோதே தாய்க்குத் தெரியவந்தது. காலை வருகைப் பதிவேட்டில் இடும் ஒரு குறியும், அதன்பின் வீட்டிற்குச் செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பும், ஒரு முழுப் பகற்பொழுதை மீட்டுத்தரும்.

அன்றியும், தன் முழுப்பெயர், பெற்றோர் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றைக் குழந்தை தமிழிலும் மலாயிலும் தடுமாறாமல் கூறப் பயிற்றலாம். ஆண்டுதோறும் எடுக்கும் வகுப்புப் படத்தின் தெளிவான படி ஒன்றை வீட்டில் வைத்திருக்குமாறு பெற்றோரிடம் வலியுறுத்தலாம். உயரமும் உடல் அடையாளமும் அதன் பின்புறம் எழுதப்படின் நன்று. அயலாரைக் கண்டு அஞ்சு என்று மட்டும் கற்பிப்பதும் போதாது. தீங்கு செய்வோருள் அறிந்தவரும் உளர்; உதவ வருவோருள் அயலாரும் உளர். எவரேனும் பெற்றோர்க்குத் தெரியாமல் தன்னுடன் வருமாறு அழைத்தால் மறுக்கவும், உரக்கக் கூவவும், உடனே வந்து சொல்லவும் பழக்குதலே தக்கது.

மாணவர் கையிலும் பெற்றோர் கையிலும் வந்து விழும் செய்திகளை ஆராய்ந்து நோக்கும் பழக்கத்தையும் நாமே ஊட்டுதல் வேண்டும். நாள் யாது, ஊர் யாது, விடுத்தவர் எவர், குழந்தை கிடைத்துவிட்டதா என்னும் நான்கு வினாக்களைக் கேளாமல் எந்தச் செய்தியையும் மற்றொருவர்க்கு அனுப்பலாகாது. இதனை வகுப்பறையில் ஒரு பாடவேளையிலே கற்பித்துவிடலாம்.

கொம்பும் கூக்குரலும், துண்டறிக்கையும், வானொலியும், பால் பெட்டியும், கைத்தொலைபேசியும் என்று கருவிகள் மாறிவந்துள்ளன. இனியும் மாறும். மாறாதவை இரண்டு: காலந் தாழ்த்தாமல் சொல்லும் வாயும், சொன்னதைக் கேட்கும் செவியும். அவ்வாயை விரைவுபடுத்துவதும் அச்செவியைச் சலிப்பினின்று காப்பதும் அரசினர் கடமை மட்டுமன்று. வரும் திங்கட்கிழமை காலை பதிவேட்டைத் திறக்கும்போது, வராத குழந்தையின் பெயருக்கு எதிரே குறியிட்டதோடு நில்லாமல், அதன் வீட்டிற்கு ஒரு சொல் அனுப்புவோமாக.